கோப்பிப் பொதியில் ஊரின் பெயர்: காணி யாருடையது?

நல்லூரில் கோப்பி விளைவதில்லை. ஆனால் கோப்பி மணக்காத வீடு நல்லூரில் அரிது. தடிமன் பிடித்தால் மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த கோப்பி. செத்தவீட்டில் வெறுங்கோப்பி. திருவிழா நாட்களில் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினருக்கு நுரை ததும்பும் பால்கோப்பி. இத்தனை குடித்தும் அந்தக் கொட்டை எந்த மலையில் காய்த்தது என்று நாம் கேட்பது குறைவு. கடையில் வாங்கும் தூளின் பொதியிலும் கம்பனியின் பெயர், நிறை, விலை, காலாவதித் திகதி எல்லாம் இருக்கும். விளைந்த ஊர் பெரும்பாலும் இருக்காது.

அண்மைக் காலத்தில் இதற்கு நேரெதிரான ஒரு கோப்பி பேசுபொருளாகியிருக்கிறது. அதை 'சிங்கிள் ஒரிஜின்' என்கிறார்கள். பொதியிலேயே மலையின் பெயர், கடல் மட்டத்திலிருந்து உயரம், பயிரின் இனம், பதப்படுத்திய முறை, சில வேளைகளில் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்தின் பெயர்கூட அச்சாகியிருக்கும். விலை சாதாரணத் தூளைவிடப் பல மடங்கு.

அந்தக் கூடுதல் பணம் யாரிடம் போய்ச் சேருகிறது? ஓர் ஊரின் பெயருக்குப் பெறுமதி கிடைக்கும்போது அந்த ஊரின் விவசாயிக்கு என்ன கிடைக்கிறது? இந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனால் அது நம்மை ஆந்திரத்து மலைகளுக்கும், அங்கிருந்து நமது மலையகத்துக்கும், கடைசியில் குடாநாட்டுப் பனை வளவுக்கும் கொண்டுவந்து விடுகிறது.

ஒரே இடம் என்றால் என்ன?

சந்தையில் விற்கும் கோப்பியின் பெரும்பகுதி கலவை. பிரேசில் கொட்டை, வியட்நாம் கொட்டை, இந்தியக் கொட்டை என்று பலவற்றைக் கலந்து, ஆண்டு முழுவதும் ஒரே சுவை வருமாறு வறுத்து அரைக்கிறார்கள். ஓரிடத்தில் விளைச்சல் குறைந்தாலோ விலை ஏறினாலோ இன்னோர் இடத்துக் கொட்டையைச் சேர்த்துவிடலாம். கம்பனிக்கு இது வசதி. விவசாயிக்கோ தான் யாரென்று எவருக்கும் தெரியாத நிலை. அவருக்குப் பதில் யாரையும் வைக்கலாம் என்பதால் பேரம் பேசும் பலமும் அவரிடம் இல்லை.

ஒரே இடத்துக் கோப்பி என்பது கலக்காத கோப்பி. அந்த 'இடம்' ஒரு நாடாகவும் இருக்கலாம், ஒரு மாவட்டமாகவும் இருக்கலாம், ஒரு சங்கத்தின் பதப்படுத்தும் நிலையமாகவும் இருக்கலாம், ஒரேயொரு தோட்டமாகவும் இருக்கலாம். இடம் எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்குத் தகவல் நம்பகமானது.

இதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. கறுத்தக் கொழும்பானுக்கும் மற்ற மாம்பழத்துக்கும் சுவை வேறு என்பது நமக்குத் தெரியும். செம்பாட்டு மண்ணில் விளைந்த மரக்கறியைச் சந்தையில் கேட்டு வாங்குபவர்கள் நாம். கோப்பியிலும் அப்படித்தான். உயரமும் குளிரும் கூடிய இடத்தில் அரபிக்காப் பழம் மெதுவாகப் பழுக்கும். மெதுவாகப் பழுத்த கொட்டை இறுகும், அதில் புளிப்பும் இனிப்பும் நன்றாகச் சேரும். குடாநாட்டின் சமதரையும் வெக்கையும் அரபிக்காவுக்கு ஒத்துவராததற்கும் இதுவே காரணம்.

ஆனால் மண்ணும் மலையும் பாதி வேலையைத்தான் செய்கின்றன. மீதிப் பாதி பழம் பறித்த பின்னர் நடக்கிறது. சிறு விவசாயி தடுக்கி விழுவதும் அங்கேதான்.

தனியொரு குடும்பத்தால் ஏன் முடியாது?

கோப்பிப் பழம் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரே கிளையில் பச்சைக் காயும் சிவந்த பழமும் சேர்ந்தே இருக்கும். சிவந்ததை மட்டும் பறிக்க வேண்டுமென்றால் ஒரே மரத்துக்குப் பல தடவை போக வேண்டும். பறித்த பழத்தை அன்றைக்கே தோலுரிக்க வேண்டும். அடுத்த நாள்வரை குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும். தோலுரித்த கொட்டையில் ஒட்டியிருக்கும் பசையைத் தொட்டியில் நொதிக்கவிட்டுக் கழுவி, பிறகு உயரமான தட்டிகளில் பரப்பி, ஈரப்பதம் 11 அல்லது 12 சதவீதத்துக்கு வரும்வரை கிளறிக் கிளறிக் காயவைக்க வேண்டும். மழை வந்தால் மூட வேண்டும். இதில் எங்கே பிசகினாலும் அந்த மலையின் சுவை போய்விடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பத்திடம் 100 மரங்கள் இருக்கின்றன, மரத்துக்கு அரைக் கிலோ காய்ந்த கொட்டை கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 50 கிலோ வரும். ஒரு கிலோ கொட்டைக்கு ஐந்து, ஆறு கிலோ பழம் வேண்டும். 50 கிலோவுக்காகத் தோலுரிக்கும் இயந்திரம், தொட்டி, தட்டி, களஞ்சியம் எல்லாவற்றையும் ஒரு குடும்பம் வாங்கினால் கடன்தான் மிஞ்சும். வெளிநாட்டு வாங்குநர் ஒரு கொள்கலன் கேட்டால் அது சுமார் 18 தொன். அதை நிரப்ப இத்தகைய 360 குடும்பங்கள் சேர வேண்டும்.

சேராவிட்டால் என்ன நடக்கும் என்பதும் எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரியான கதைதான். இடைத்தரகர் வாசலுக்கு வருவார். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் மருந்துக்கும் முற்பணம் கொடுத்திருப்பார். அவர் பச்சையையும் சிவப்பையும் பிரித்துப் பார்ப்பதில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே விலைதான். அப்படியானால் சிவந்ததை மட்டும் பொறுக்கிப் பறிப்பவருக்கு என்ன லாபம்? மரத்தை ஒரேயடியாக உருவி விற்பதே புத்திசாலித்தனம். தரம் கெடுவதற்கு விவசாயியின் அறியாமையைக் காரணம் சொல்வார்கள். உண்மையில் தரத்துக்கு விலை வைக்காத சந்தையே அதற்குக் காரணம்.

கூட்டுறவு என்ன செய்கிறது?

கூட்டுறவு இந்த முடிச்சை மூன்று இடங்களில் அவிழ்க்கிறது. இயந்திரமும் தொட்டியும் பொதுவாகின்றன. சிவந்த பழத்துக்குத் தனி விலை வைக்கப்படுகிறது. பழம் கொடுக்கும்போது ஒரு தொகை, கொட்டை விற்ற பிறகு இலாபத்திலிருந்து இன்னொரு தொகை என்று பணம் இரண்டு தடவையாக வருகிறது. இந்த இரண்டாவது தொகைதான் முக்கியம். இடைத்தரகரின் கணக்கில் அப்படியொன்று கிடையாது.

மெக்சிக்கோவின் ஒஹாக்கா மலைகளில் பழங்குடி விவசாயிகள் அமைத்த யூசிறி என்ற கூட்டுறவின் கோப்பிதான் 1988 ஆம் ஆண்டு நெதர்லாந்தில் 'மக்ஸ் ஹவெலார்' என்ற முத்திரையுடன் விற்பனைக்கு வந்தது. இன்று உலகமெங்கும் காணப்படும் நியாய வர்த்தக முத்திரைகளின் தொடக்கம் அது. அடுத்த ஆண்டே, கோப்பி விலையைத் தாங்கிப் பிடித்திருந்த சர்வதேச ஒதுக்கீட்டு உடன்படிக்கை குலைந்தது. 2001 இல் நியூயோர்க் சந்தையில் அரபிக்கா ஓர் இறாத்தல் 50 அமெரிக்க சதத்துக்கும் கீழே போனது. 2025 பெப்ரவரியில் அதே இறாத்தல் 4 டொலரைத் தாண்டியது. இந்த ஊஞ்சலில் ஆடும் பயிரை நம்பிப் பிழைப்பவருக்கு ஓர் அடித்தள விலை வேண்டும். நியாய வர்த்தக முறையில் கழுவிப் பதப்படுத்திய அரபிக்காவுக்கு 2023 முதல் இறாத்தலுக்கு 1.80 டொலர் அடித்தள விலை. அதற்கு மேல் சங்கத்தின் பொதுத் தேவைகளுக்கு 20 சதம்.

கூட்டுறவு என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. சந்தை விலை திடீரென ஏறும்போது இடைத்தரகர் கைக்காசோடு வந்து நிற்பார். இரண்டாவது தொகைக்குக் காத்திருக்க முடியாத உறுப்பினர் அவருக்கே விற்றுவிடுவார். சங்கத்தால் வாங்குநருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமற் போகும். கணக்கு வழக்கில் நேர்மை இல்லாவிட்டால், அல்லது நிர்வாகம் அரசியல்வாதியின் கைக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை நமது ஊர்ச் சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அரக்கு: சட்டம் காத்த காணி

தெற்காசியாவில் இதற்கு மிகவும் பேசப்படும் உதாரணம் ஆந்திரப் பிரதேசத்தின் அரக்குப் பள்ளத்தாக்கு. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் ஆதிவாசிக் குடும்பங்கள் சில்வர் ஓக் மர நிழலில் மிளகுக் கொடியோடு சேர்த்துக் கோப்பி வளர்க்கின்றன. நாந்தி என்ற தொண்டு நிறுவனத்தின் துணையுடன் 2007 இல் அங்கே சிறு, குறு ஆதிவாசி விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று பதிவானது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதில் சேர்ந்தன. சிவந்த பழத்துக்குத் தனி விலை, பொதுவான பதப்படுத்தும் நிலையம், ஆண்டுதோறும் வெளிநாட்டுச் சுவைஞர்களை அழைத்துத் தோட்டம் தோட்டமாகச் சுவைத்துப் புள்ளியிடும் போட்டி என்று வேலை நடந்தது. 2017 இல் 'அரக்கு' என்ற பெயரிலேயே பாரிஸில் ஒரு கடை திறக்கப்பட்டது. 2019 இல் அரக்குப் பள்ளத்தாக்கு அரபிக்காவுக்கு இந்தியாவின் புவிசார் குறியீடு கிடைத்தது. குடகு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி, வயநாடு ஆகிய இடங்களின் கோப்பிகளும் அதே ஆண்டு அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

பாரிஸ் கடையைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். அதை நடத்துவது விவசாயிகளின் சங்கம் அல்ல, தொழிலதிபர்களின் ஆதரவோடு தொடங்கப்பட்ட தனிக் கம்பனி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியமான இன்னொரு விடயம் இந்தக் கதையில் அதிகம் பேசப்படுவதில்லை. அரக்கு இருப்பது அரசியலமைப்பின்படி பாதுகாக்கப்பட்ட ஆதிவாசிப் பகுதியில். அங்கே ஆதிவாசியின் காணியை ஆதிவாசி அல்லாதவர் வாங்குவதைத் தடுக்கும் ஒழுங்குவிதி ஒன்று உண்டு. 1970 இல் இறுக்கமாக்கப்பட்ட அதை மக்கள் 'ஒன்று பை எழுபது' என்றே அழைக்கிறார்கள். அதே பகுதியில் தனியார் சுரங்கங்களுக்கு நிலம் குத்தகைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1997 இல் இந்திய உச்ச நீதிமன்றம் 'சமதா' வழக்கில் தீர்ப்பளித்தது.

இந்தத் தடைகள் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. கோப்பிக்கு நல்ல விலை வரத் தொடங்கியதும் வெளியார் பணத்தோடு மலையேறியிருப்பார்கள். சங்க உறுப்பினராக இருக்க வேண்டியவர் அதே மண்ணில் நாட்கூலிக்குப் பழம் பறித்திருப்பார். பொதியில் அப்போதும் 'அரக்கு' என்றுதான் அச்சாகியிருக்கும்.

பெயருக்கும் உரிமை உண்டு

காணியைப் போலவே பெயரும் கைமாறக்கூடியது. எத்தியோப்பியாவின் சிடாமோ, ஹரார், யிர்காச்செஃபே ஆகியன கோப்பிப் பிரியர்கள் விலை பாராமல் வாங்கும் பெயர்கள். 2005 இல் எத்தியோப்பிய அரசு அவற்றை அமெரிக்காவில் தனது வர்த்தகச் சின்னங்களாகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தபோது, 'சிடாமோ' என்ற சொல் அடங்கிய ஒரு பெயருக்கு ஸ்டார்பக்ஸ் கம்பனி ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தது. தொண்டு அமைப்புகளின் பிரசாரமும் ஊடக நெருக்குதலும் சேர்ந்து 2007 இல் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. தன் ஊரின் பெயரைத் தானே பயன்படுத்த ஒரு நாடு இவ்வளவு போராட வேண்டியிருந்தது.

இலங்கைக்கும் இது தெரியாத பாடமல்ல. இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு 2022 இல் கிடைத்தது. 'சிலோன் ரீ' என்ற பெயரையும் சிங்க இலச்சினையையும் தேயிலைச் சபை காத்து வருகிறது. நுவரெலியா, டிம்புள, ஊவா என்று மலைப் பகுதிகளின் பெயரில் தனித்தனியாகவும் தேயிலை விற்கிறார்கள். பெயர் பாதுகாப்பாக இருக்கிறது. கொழுந்து பறிப்பவரின் நிலை அந்தப் பெயரின் உயரத்துக்கு வந்ததா என்பது வேறு கேள்வி.

வடக்கு வழியாகப் போன கோப்பி

தேயிலைக்கு முன்னர் இந்தத் தீவு கோப்பியால் அறியப்பட்டது. 1820களில் கம்பளைப் பக்கத்திலும் பேராதனைப் பக்கத்திலும் பிரித்தானியர் பெருந்தோட்டங்களைத் திறந்தனர். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட முடியாத மலைக் காணிகளை அரசுக்கு உரியதாக்கியது. அவை தோட்ட முதலாளிகளுக்கு விற்கப்பட்டன. பிரேசில், ஜாவா ஆகியவற்றோடு உலகின் முன்னணிக் கோப்பி உற்பத்தியாளர் வரிசையில் இலங்கை நின்றது.

அந்தக் காலத்திலும் இங்கே சிறு விவசாயிகளின் கோப்பி இருந்தது. கண்டிக் கிராமத்தவர்கள் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்த கோப்பி ஏற்றுமதியில் கணிசமான பங்கு வகித்தது. ஏற்றுமதிக் கணக்குகளில் அது 'சுதேசக் கோப்பி' என்றும் மற்றது 'தோட்டக் கோப்பி' என்றும் தனித்தனியே எழுதப்பட்டன. சுதேசக் கோப்பிக்கு விலை குறைவு. கிராமத்தவரிடம் தோலுரிக்கும் இயந்திரமோ காயவைக்கும் களமோ இல்லை. பழத்தை அவர்கள் வியாபாரிகளுக்கு விற்றார்கள். மேலே சொன்ன அதே முடிச்சு, 150 ஆண்டுகளுக்கு முன்பு.

தோட்டக் கோப்பியைப் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். பாக்கு நீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளின் வழியாக அனுராதபுரம், தம்புள்ளை ஊடாக மாத்தளைக்கு நடந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் பெருந்தொகையானோர் இறந்தார்கள். கோப்பி பருவகாலப் பயிர் என்பதால் அறுவடை முடிய ஊர் திரும்பியவர்களும் உண்டு.

1869 இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளில் மஞ்சள் தூள் படிந்தது. அது இலைத் துரு நோய். ஒரே பயிர் மலை மலையாகப் பரவியிருந்ததால் நோயும் தடையின்றிப் பரவியது. 1880களில் கோப்பிப் பொருளாதாரம் சரிந்து, மலைகள் தேயிலைக்கு மாறின. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். வந்தவர்கள் லயங்களில் நிலைத்தார்கள்.

'சிறு விவசாயி' ஆக முடியாதவர்கள்

நோயில் தப்பிய கோப்பி மலைநாட்டு வீட்டுத் தோட்டங்களில், மிளகு கராம்போடு ஊடுபயிராக இன்றும் இருக்கிறது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் கன்றுகளும் ஆலோசனையும் வழங்குகிறது. சிறப்புக் கோப்பிக் கம்பனிகள் சில அந்த விவசாயிகளிடம் சிவந்த பழத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தொடங்கியிருக்கின்றன. நல்ல தொடக்கம்.

ஆனால் அந்தப் பட்டியலில் சேர முதலில் ஒரு துண்டுக் காணி வேண்டும். கோப்பியை இந்த மலைகளில் ஊன்றியவர்களின் பேரப்பிள்ளைகளிடம் இல்லாதது அதுதான். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. பகிர்ந்தளிக்கப்பட்ட காணிகளில் தோட்டத் தொழிலாளருக்குப் பங்கு கிடைக்கவில்லை. சில இடங்களில் அவர்கள் விரட்டப்பட்டார்கள். 1970களில் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் வந்து குடியேறிய மலையகக் குடும்பங்களின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. பிரஜாவுரிமைப் பிரச்சினையின் பெரும்பகுதி 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தீர்ந்தது. காணிப் பிரச்சினை தீரவில்லை. வீடு கட்ட 7 பேர்ச் காணி என்பதே பெரிய வெற்றியாகப் பேசப்பட்டது. 7 பேர்ச்சில் ஒரு வீடு கட்டலாம், முற்றத்தில் நாலு கோப்பி மரம் நடலாம்.

2023 இல் மலையக மக்கள் வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனபோது முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளில் காணி உரிமையும் ஒன்று. இலங்கைத் தேயிலையில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டது இன்று சிறுதோட்ட உடைமையாளர்களின் கொழுந்து என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறு உடைமையாளரால் தரமாக உற்பத்தி செய்ய முடியும் என்பது நிரூபிக்கப்பட்ட விடயம். பெருந்தோட்டக் கம்பனிகள் முன்வைக்கும் வருமானப் பகிர்வு முறையில் தொழிலாளி ஒரு பகுதிச் செடிகளைப் பராமரித்து வருமானத்தில் பங்கு பெறுகிறார். செடியும் மண்ணும் அவருடையவை ஆகா.

குடாநாட்டுக்குத் தெரிந்த கதை

இது மலையகத்தின் பிரச்சினை மட்டும்தானா? யாழ்ப்பாணத்தில் ஊரின் பெயரோடு கடல் கடந்து விற்ற பொருள் ஒன்று இருந்தது: புகையிலை. திருவிதாங்கூரில் யாழ்ப்பாணப் புகையிலைக்குத் தனி மதிப்பு. அந்தச் சந்தை நெருக்கடிக்கு உள்ளானபோது 1930களில் இங்குள்ள விவசாயிகள் மலையாளப் புகையிலைக்கெனவே விற்பனைக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அக்காலக் கூட்டுறவாளர் வீரசிங்கத்தின் பெயரில்தான் யாழ் நகரின் வீரசிங்கம் மண்டபம் நிற்கிறது. புகையிலைச் சங்கத்தின் பலம் எளிமையானது: உறுப்பினர்கள் காணி உடையவர்கள் அல்லது காணியைப் பயிரிடும் வாய்ப்புடையவர்கள்.

பனை வேறு. மரம் ஒருவருடையது, ஏறுபவர் இன்னொருவர். சீவல் தொழிலாளர்களில் பலருக்குச் சொந்த வளவு இல்லை. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள். கள்ளுத் தவறணைக் குத்தகைக்காரரின் தயவில் இருந்த அவர்களுக்கு 1970களின் தொடக்கத்தில் அமைந்த பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் நேரடி விற்பனையையும் சேமிப்பையும் கொடுத்தன. அது சிறிய மாற்றமல்ல. ஆனாலும் மரம் சொந்தமாகவில்லை. வளவுக்காரர் பனையைத் தறித்தால் சங்கத்தால் செய்யக்கூடியது அதிகமில்லை.

புகையிலைச் சங்கமும் பனைச் சங்கமும் நமக்குச் சொல்வது இதுதான்: கூட்டுறவு ஒருவருக்குச் சந்தையைக் கொடுக்கும், விலையைக் கொடுக்கும், தன்மானத்தையும் கொடுக்கும். காணியை அதனால் கொடுக்க முடியாது. அதற்குச் சட்டம் வேண்டும், அரசியல் விருப்பம் வேண்டும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

ஒரே இடத்துக் கோப்பி வெறும் பணக்காரப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஊரின் பெயரைப் பொதியில் போட்டுவிட்டால் அந்த ஊரைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை வாங்குபவருக்கு வந்துவிடுகிறது. அதைப் பயன்படுத்தலாம். பொதியில் இருப்பது நாட்டின் பெயரா, கிராமத்தின் பெயரா? பழத்தைத் தோலுரித்துக் காயவைத்தது விவசாயிகளின் சங்கமா, வாங்கிய கம்பனியா? கொட்டை விற்ற பிறகு விவசாயிக்கு இரண்டாவது தொகை உண்டா? அந்த மரங்கள் நிற்கும் காணி யாருடையது?

முதல் மூன்று கேள்விகளுக்குக் கடைக்காரர் விசாரித்தாவது பதில் சொல்லிவிடுவார். நான்காவது கேள்வியைக் கொழும்பிலும் கேட்க வேண்டும். பெருந்தோட்டங்களில் தரிசாகக் கிடக்கும் காணியில் ஒரு பகுதியைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு உறுதியோடு கொடுத்து, அவர்களைச் சங்கமாகச் சேர்த்து, தோலுரிக்கும் நிலையம் ஒன்றை அமைத்துக் கொடுப்பது தொழில்நுட்ப ரீதியில் பெரிய காரியமல்ல. அரக்கில் பத்தாயிரம் குடும்பங்களோடு செய்திருக்கிறார்கள். அப்படியொரு கோப்பி ஒருநாள் நல்லூர்க் கடைக்கு வருமானால், அது வரும் பாதையும் நமக்குப் புதிதாக இருக்காது. மாத்தளை, தம்புள்ளை, வன்னி என்று, முன்பு மனிதர்கள் நடந்துபோன திசைக்கு எதிராக அந்தப் பொதி வரும்.